மூடியாச்சு என்று இரண்டு குரல்

இன்று மதியம் உன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் உன்னை அழிக்கப் பார்த்தார். பதறாதே, ஆள் கெட்டவர் இல்லை. பெயர் பிரபு, படவேட்டுக்காரர். நம் மருந்தறைக்குப் புதிதாக வந்திருக்கிறார். நம் நோயாளிகள் ஃபைலை ஆன்லைனுக்கு மாற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அவரும் அவசரப்படாமல் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், முன்னறையில் இருந்த என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், இது யாருங்க? ஊரு வாணியம்பாடின்னு போட்டிருக்குது. நம்ம வேன் அங்க போறதே கெடயாதே. மருந்து ஒண்ணும் எழுதல. ஆனா மழை பேயற நாளா பார்த்து வந்து வந்து போயிருக்காங்க. வேணாத என்ட்ரின்னா எடுத்துடட்டுமா?”

எழுந்து போய்ப் பார்த்தேன். உன் பெயர். வயது என்ற கட்டத்தில் நீ எப்போதும் சொல்கிற பொய். நோய் என்ற கட்டத்தில் ‘வாய் நீளம்’ என்று நீயே அடித்து வைத்தது.

சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. “எடுக்காதீங்க, சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். நீ போன பிறகு வருகிற இரண்டாவது மழைக்காலம் இது. அவரிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

ஆபீஸ் அப்படியேதான் இருக்கிறது. ஓடு போட்ட இரண்டு அறை, பின்னால் பச்சையம்மாவின் சமையற்கட்டு. டாக்டரையும் நர்ஸையும் ஏற்றிக்கொண்டு வேன் மலைக்கிராமங்களைச் சுற்றிவிட்டு வருகிறது. அப்போது நீ மருந்தை எடுத்துக் கொடுக்க, நான் யார் யாருக்கு என்ன கொடுத்தோம் என்று கம்ப்யூட்டரில் ஏற்ற, பச்சையம்மா எல்லோருக்கும் சோறு போட, இதற்குத்தான் ஆபீஸ் என்று பெயர். ஃபைல் இருந்தது உன் மருந்தறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில். சுவரில் ஓட்டை போட்டு ஒரு வயர் இழுத்து, அதே ஃபைலை என் லேப்டாப்பிலும் திறக்க வைத்திருந்தோம். ஒரே தட்டில் இரண்டு பேர் சாப்பிடுகிற மாதிரி என்று நீ பீற்றிக்கொள்வாய். அந்த ஃபைலிலிருந்து அச்சாகிற பட்டியல்தான் வேனோடு போகும். பட்டியலில் பேர் இருந்தால் மாத்திரை, இல்லாவிட்டால் இல்லை. வலிப்புக்கு, சர்க்கரைக்கு, ரத்தக்கொதிப்புக்கு என்று விடாமல் சாப்பிட வேண்டியவர்கள் எல்லாம் அந்தக் காகிதத்தை நம்பித்தான் இருந்தார்கள்.

அதில்தான் ஆட்கள் காணாமல் போக ஆரம்பித்தார்கள்.

நேற்று ஏற்றினது இன்று இல்லை. அதுவாவது பரவாயில்லை. போன வருஷம் ஏற்றின பழைய ஆள் நடுவிலிருந்து எழுந்து போயிருப்பார். நான் அழிப்பதாக உனக்குச் சந்தேகம், நீ எதையோ அமுக்குவதாக எனக்கு. ஒரே அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு, பச்சையம்மா மூலமாகத்தான் பேசிக்கொண்டோம். “அவங்கள அந்த உப்ப இப்படித் தள்ளச் சொல்லுங்க” என்பாய். பச்சையம்மா சலித்துப்போய், “இன்னா பொம்பளைங்கம்மா நீங்க ரெண்டு பேரும், உப்பு உங்க கைக்குப் பக்கத்துலயே கீது” என்பார்.

மேலிடத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறவருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். நல்லவேளை, உனக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் அதைச் செய்ய யார் ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டோம்.

அப்புறம் மல்லிகா வந்தாள். மழையில் தொப்பலாக நனைந்து, தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு, மேல்கிராமத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவள். வேன் போனபோது அவள் பேர் இல்லையென்று புதிதாக வந்திருந்த நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

“எம்பேரு இல்லன்னுட்டாங்கம்மா. நான் இன்னா தப்பு பண்ணேன்?” என்று உன்னிடம்தான் கேட்டாள். கையில் பழைய மாத்திரைப் பொட்டலம் ஒன்றை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள், தான் நம் ஆள்தான் என்பதற்குச் சாட்சியாக.

நீ பட்டியலைப் பார்க்கவே இல்லை. அலமாரியைத் திறந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்து, உன் துண்டால் அவள் தலையைத் துவட்டிவிட்டு, சுடச்சுட டீ குடிக்க வைத்தாய். அதற்குப் பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்துப் பேசினாய். சண்டை முடிந்துவிட்டது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“வந்தவங்கள வுடுடி. வராதவங்க யாரு?”

மல்லிகாவுக்குக் காலும் இருந்தது, கோபமும் இருந்தது, வந்துவிட்டாள். பேர் இல்லையென்றதும் பேசாமல் வீட்டுக்குத் திரும்பிப் போனவர்கள் யார், அவர்கள் கையில் மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது, நமக்கு எதுவும் தெரியாது. தொலைந்த ஒருவரின் பெயரும் தெரியாமல், தொலைந்தார் என்பது மட்டும் தெரிந்தால் எங்கே போய்த் தேடுவது?

மறுநாள் காலை நீ கம்ப்யூட்டரைப் போட்டபோது நான் உன் பின்னாலேயே நின்றேன். திரையில் ஒரு பெட்டி வந்தது. ஃபைல் சரியாக மூடப்படவில்லை, பழுது பார்க்கட்டுமா என்று. நீ டீயை உறிஞ்சிக்கொண்டே ‘ஆம்’ என்பதை நோக்கிக் கையைக் கொண்டுபோனாய். உன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

“இன்னாடி? தெனமும் வர்றதுதான் இது. ஆமான்னு சொன்னா போயிடும்.”

“தெனமுமா வருது?”

நீ யோசித்தாய். “இல்ல. இடி இடிச்ச மறுநாளு.”

இருவரும் ஒரே நேரத்தில் சமையற்கட்டைத் திரும்பிப் பார்த்தோம்.

இந்த மலையில் இடி சும்மா இடித்துவிட்டுப் போவதில்லை. ஒருமுறை தடுப்பூசி ஃபிரிட்ஜைக் கருக்கிவிட்டுப் போனது. அன்றிலிருந்து முதல் உறுமல் கேட்டதுமே பச்சையம்மா கையில் இருக்கிற கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். அவர் வீட்டிலும் அப்படித்தான், இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். நமக்கு அதுதான் இடைவேளை. வறுத்த வேர்க்கடலையை மடியில் கட்டிக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்து மழை பார்ப்போம். உன் கம்ப்யூட்டரின் யு.பி.எஸ். செத்து நெடுநாளாகியிருந்தது, அதன் தலையில் டீ டம்ளர் வைத்துப் பழகிவிட்டாய். எனக்கு லேப்டாப்பில் பேட்டரி உண்டு, திரை எரியும். ஏதோ பிழை என்று கத்தும். மெயினே போய்விட்டது, இது என்ன கத்துவது என்று மூடியைச் சாத்திவிட்டு நானும் கடலைக்கு வந்துவிடுவேன்.

நம் இருவருக்கும் நடுவில் ஃபைல் திறந்தபடியே கழுத்தறுபட்டுக் கிடந்திருக்கிறது. மறுநாள் நீ ‘ஆம்’ என்றதும் அது உடைந்த வரிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை ஒட்டிக்கொண்டு எழுந்திருக்கிறது. அன்றைக்கு ஏற்றினவர்கள் மட்டுமல்ல, உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பாவத்துக்குப் பழைய ஆட்களும் போயிருக்கிறார்கள். யாரும் யாரையும் அழிக்கவில்லை. பச்சையம்மா ஆபீஸைக் காப்பாற்றினார், நீ ஃபைலைப் பழுது பார்த்தாய், இரண்டு நல்ல காரியமும் சேர்ந்து மல்லிகாவை மழையில் நடக்கவிட்டது.

ஆனாலும் நீ நம்ப மாட்டாய். கண்ணால் பார்க்க வேண்டும் உனக்கு. அப்போதுதான் நோயாளியாக உன்னையே ஏற்றினாய். பாதி அடித்த வரியில் கர்சரை விட்டுவிட்டு, இடிக்காகக் காத்திருந்தாய். மதியம் இடித்தது, பச்சையம்மா ஓடினார். மறுநாள் காலை, பெட்டி வந்ததும் முதலில் உடைந்த ஃபைலை அப்படியே வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்தோம். பிறகு ‘ஆம்’. திறந்து பார்த்தால் நீ இல்லை.

“அரே, என்னையே தூக்கிட்டாங்களே பச்சையம்மா!” என்று நீ போட்ட சத்தத்தில் அவர் தோசைக் கரண்டியோடு ஓடிவந்தார். அவருக்கு விஷயத்தைச் சொல்லிப் புரியவைத்தபோது முகம் விழுந்துபோயிற்று. நீ அவர் தோளைக் கட்டிக்கொண்டு, “நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க, நாங்கதான் தொறந்து போட்டுட்டு கடலை தின்னப் போயிட்டோம்” என்றாய். அது உண்மையும்கூட.

காரணம் தெரிந்துவிட்டது. தொலைந்தவர்கள் இன்னும் வெளியேதான் இருந்தார்கள். ஃபைலில் ஒவ்வொருவருக்கும் தானாக ஒரு எண் விழும், எண்கள் எங்கெங்கே தாவியிருக்கின்றன என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். எத்தனை பேர் என்று தெரிந்தது, யார் என்று தெரியவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ மல்லிகா மேசையில் விட்டுவிட்டுப் போன பொட்டலத்தைச் சும்மா பிரித்துக்கொண்டிருந்தாய். உன் கை நின்றுவிட்டது.

மாத்திரை மடிக்கக் கவர் வாங்க யார் பணம் தருவார்கள் என்று, பழைய பட்டியல்களைக் கிழித்துத்தானே பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தாய்! உள்பக்கம் பழைய பட்டியலின் ஒரு துண்டு. எண், பேர், ஊர், மாத்திரை. அதில் மல்லிகாவுக்கு இரண்டு வரி கீழே கோவிந்தன் என்று ஒருவர், வலிப்பு மாத்திரை. அவருடைய எண், என் ஓட்டைகளில் ஒன்று.

“நம்ம பேக்கப்பு மலை பூரா வூட்டுக்கு வூடு கீதுடி” என்றாய். அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் அப்புறம் சிரித்ததில்லை. இன்றைக்கு ஒருவருடைய நோயை எழுதின காகிதத்தில் இன்னொருவருக்குப் பொட்டலம் மடித்தால் வேலை போய்விடும், நியாயம்தான். அன்றைக்கு அதுதான் நம் உயிரைக் காத்தது.

மறுநாள் வேனில் நாமும் ஏறிக்கொண்டோம். முதலில் கோவிந்தன் ஊர். வீட்டில் இல்லை, தோப்பில் இருக்கிறார் என்றார்கள். போனால் பலாமரத்தின் உச்சியில் இருந்தார், கையில் கத்தி. வலிப்புக்காரர், மாத்திரை இல்லாமல் எத்தனை நாளோ! மாத்திரை சாப்பிட்டாலும் மரம் ஏறாதே என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்ன ஆள். எனக்கு வாயைத் திறந்தால் அலறல்தான் வரும் என்று தெரிந்ததால் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். நீ மரத்தடியில் போய் நின்று, கல்யாண வீட்டில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாய்.

“அண்ணா, நல்லாக்கிறீங்களா? வாணியம்பாடிக்கு ஒரு பழம் வேணும். எறங்கி வந்து நீங்களே தட்டிப் பார்த்துக் குடுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“நீங்க சொல்லுங்கம்மா, இங்கேருந்தே அறுத்து வுடறேன்.”

“வேணாங்கண்ணா, அடிபட்டுடும். மொதல்ல கத்திய போடுங்க. அப்படியே மெதுவா வாங்க. அவசரமே இல்ல.”

அவர் இறங்கி முடிக்கும்வரை நீ விடாமல் பழத்தைப் பற்றியே பேசினாய். சுளை பெரிதா, சக்கை அதிகமா, போன வருஷம் காய்ப்பு எப்படி என்று. அவர் கால் தரையில் பட்டதும் நீ அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். அப்போதுதான் உனக்கும் பயம் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

மாத்திரையை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். கோவிந்தன் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“பேரு எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. அப்ப எனக்கு நல்லாயிடுச்சுன்னு நெனச்சேன். அதான் மரம் ஏறுனேன்.”

நீ மாத்திரையை எடுத்து அவர் கையில் வைத்தாய். திரும்பி வரும்போது வேன் முழுக்கப் பழம் மணந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய்ப் பழைய பொட்டலங்களைக் கேட்டு வாங்கினோம். இங்கே டாக்டர் கொடுத்த காகிதத்தை யாரும் குப்பையில் போடுவதில்லை. கூரைச் செருகலிலிருந்து, சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து, மஞ்சள் டப்பாவுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். துண்டு துண்டாக ஒட்டி ஒவ்வொருவராக உள்ளே ஏற்றினோம். கடைசி ஓட்டை அடைபட்ட அன்று, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னதும், நீ மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாய். நான் வெளியே நின்றேன்.

அப்புறம் சட்டம் போட்டாய். யு.பி.எஸ்.ஸுக்குப் பேட்டரி கேட்டு எழுதினோம், அது வரும்போது வரட்டும். பச்சையம்மா மெயினைத் தொடுவதற்கு முன்னால் “இடிக்குது, மூடிக்கோங்க!” என்று கத்த வேண்டும். முன்னறையிலிருந்து ஒரு குரல், மருந்தறையிலிருந்து ஒரு குரல், “மூடியாச்சு!” என்று இரண்டும் காதில் விழுந்த பிறகுதான் இறக்க வேண்டும். எந்தப் பெட்டி வந்து எதைக் கேட்டாலும், “மொதல்ல ஃபைல காப்பி எடுக்கணும், அப்புறம்தான் ஆமா.” தொலைந்துபோன உன்னையும் மறுபடி ஏற்றி, இடி இடித்த நாளெல்லாம் அந்த வரியில் ஒரு வருகை போட்டு, மூடித் திறந்து, நீ இருக்கிறாயா என்று பார்ப்போம். “இன்னிக்கும் கீறேனா? அல்லா காப்பாத்திட்டான்” என்பாய். அதற்குப் பிறகு அந்த ஃபைலிலிருந்து ஒருவர்கூடத் தொலையவில்லை.

நீதான் போய்விட்டாய். புற்று என்று தெரிந்தபோதே முற்றியிருந்தது. அதற்கு நகலும் இல்லை, பழுது பார்க்கிற பெட்டியும் இல்லை. எனக்கு அப்போது யார் மேல் என்று தெரியாத கோபம், இப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வாணியம்பாடியில் உன் வீட்டுக்கு வந்து பார்த்தபோது மெலிந்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டபடி கட்டிலில் இருந்தாய். நான் அழத் தயாராக வந்தவள். நீ கேட்ட முதல் கேள்வி, “காப்பி எடுத்துட்டுதானே வந்த?” இரண்டாவது, “இந்த வாரம் வராதவங்க யாரு?” கோவிந்தன் கொடுத்தனுப்பிய சுளையில் பாதியைத் தின்றாய். அவர் இப்போது மரம் ஏறுவதில்லை, கீழே நின்று பிள்ளைகளை ஏவுகிறார் என்று சொன்னதும் உன் முகத்தில் வந்த சிரிப்பைத்தான் நான் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு மருந்தறைக்கு நிலையாக யாரும் வரவில்லை. உன் கம்ப்யூட்டரையும் நானே பார்த்தேன். இடி இடித்தால் பச்சையம்மா கத்துவார், நான் “மூடியாச்சு” என்பேன். மெயின் இறங்காது. எட்டிப் பார்த்தால் சுவிட்சில் கை வைத்தபடி நிற்பார், இரண்டாவது குரலுக்காக. மறந்து நிற்கிறாரா, தெரிந்தே நிற்கிறாரா என்று நான் கேட்டதில்லை. எழுந்து மருந்தறைக்குப் போய் அங்கிருந்து இன்னொரு முறை சொல்வேன். போன வருஷம் முழுக்க உன் குரலுக்கும் சேர்த்து நான்தான் கத்தினேன்.

இதையெல்லாம் இன்று பிரபுவிடம் சொன்னேன். உன்னிடம் சொன்ன அளவுக்கு இல்லை, வேண்டிய அளவுக்கு. அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் உன் வரிக்கே திரும்பிப் போனார்.

“எடுக்கலீங்க. புதுசுலயும் இவங்க இருக்கட்டும். அங்கயும் ஏதாவது தொலையுதான்னு பார்க்க ஒரு ஆள் வேணும் இல்லீங்களா?”

நான் பதில் சொல்வதற்குள் காவலூர்ப் பக்கம் வானம் உறுமியது. சமையற்கட்டிலிருந்து பாத்திரம் விழுகிற சத்தம், பிறகு பச்சையம்மாவின் குரல். “இடிக்குது, மூடிக்கோங்க!”

ஓடிவந்து லேப்டாப்பில் ஃபைலை மூடினேன். “மூடியாச்சு!” என்றேன். பழக்கதோஷத்தில் மருந்தறைக்குப் போவதற்காக எழுந்தும்விட்டேன்.

“மூடியாச்சும்மா!” உள்ளேயிருந்து பிரபு கத்தினார். ஓடு அதிரும்படி ஒரு குரல்.

பச்சையம்மா சுவிட்சில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெயினை இறக்கினார். கடலை மூன்று பங்காயிற்று. பிரபு தோலோடு தின்கிறார், நீ பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டாய்.

இடி ஓய்ந்து மெயினை ஏற்றியதும் உன் வரியைத் திறந்து இன்றைய தேதியில் ஒரு வருகை போட்டேன். மூடினேன், திறந்தேன். இருக்கிறாய். நாளைக் காலை வேன் கிளம்புகிறது. பட்டியலை எடுத்துக்கொண்டு பிரபுவின் எதிரில் உட்கார்ந்தேன். வந்தவர்களை விட்டுவிட்டு, வராதவர்கள் யார் என்று இருவரும் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம்.